குரங்குப் படி

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு மழை நாள், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. நான் கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கணவர் கண்டியில் ஆசிரியர்.

அந்த வருடம் நிறுவனத்தில் ஒரு புதுப் பேச்சு. கொழும்புக்கு வெளியே இருப்பவர்களுக்குச் செலவு குறைவாம், அதனால் சம்பளத்தையும் குறைக்கப் போகிறார்களாம். முழுச் சம்பளம் வேண்டுமென்றால் கொழும்புக்கு வந்துவிட வேண்டும். குறைத்தால் எங்களுக்குக் கட்டாது. அங்கே ஒரு வாடகை அறையில் நான், இங்கே தகப்பனும் சின்ன மகளும் என்றாகிவிடும்.

என் மேலாளர் வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். வீடியோ அழைப்பில் சிரித்துக்கொண்டே, "உமக்கு அங்க என்ன செலவு? குளிர்காத்து சும்மா கிடைக்குது, ஏசியும் தேவையில்லை" என்றார்.

பதிலெல்லாம் ஒத்திகை பார்த்துத்தான் வைத்திருந்தேன். "அப்படி இல்லக்கா..." என்று இழுக்கும்போதே கூரையில் தடதட சத்தம். ஹேவாஹெட்ட ஊரிலிருந்து என் தம்பி கொண்டுவந்த வாழைக்குலையை, இன்டர்நெட் வயர் போகும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் என் கணவர். வேறு இடமே கிடைக்கவில்லையாம்! குரங்குகள் குலையை இழுக்க, வயரும் கூடவே போனது. திரை உறைந்தது.

போன் வழியாக மறுபடி இணைந்தேன். பின்னால் கணவர் குரங்குகளை விரட்டத் தட்டைத் தட்டிக்கொண்டு ஓட, மகள் கைகொட்டிச் சிரிக்க, அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது.

"இது அடிக்கடி நடக்கிறதோ?"

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "ஆமாக்கா. அதுக்குத்தான் ரெண்டு கனெக்ஷன் வச்சிருக்கோம். மழைக்குக் கரண்ட் போயிரும், அதுக்குப் பேட்டரி. அங்க இருக்கவங்களுக்கு இதெல்லாம் ஆபிஸ் குடுக்குது. இங்க நாங்களேதான் வாங்குறோம்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஓம், நான் இதை யோசிக்கேல்லை. பொறும், நான் மேல கதைக்கிறன்."

சம்பளம் குறையவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்தச் செலவுகளுக்கென்று ஒரு மாதப் படியும் சேர்ந்தது. சம்பளச் சீட்டில் அதற்குக் கௌரவமான பெயர், எங்கள் குழுவில் எல்லோருக்கும் அது 'குரங்குப் படி'.

இப்போதும் கூரையில் சத்தம் கேட்டால் கணவர் தட்டைத் தேடுகிறார். நான் ஒரு வாழைப்பழத்தைத் தேடுகிறேன். நம் ஊரில் பிழைக்க என்ன செலவாகிறது என்பதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவை அந்தக் குரங்குகள்தானே!