அத்தை கை வைத்த பாலம்

கொல்லையில் துவைக்கிற கல்லின் ஓரத்தில் பழைய சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பட்டு அது மணம் வீசினால் எனக்கு எட்டு வயசாகிவிடும். ஆற்றுப் பாலத்தை இடித்தபோது கெஞ்சி வாங்கிய கல் அது. அந்தப் பாலத்தின் வளைவுக்கடியில்தான் அத்தையும் நானும் குளிப்போம். தலைக்கு மேலே சாலைக் கடைத்தெருவுக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் கடகடவென்று வரிசையாகப் போகும், தூணில் உள்ளங்கையை வைத்தாலோ துளி அதிர்வு இருக்காது.

ஓர் ஐப்பசி மழையில் ஆறு அந்த வளைவுகளையே முழுங்கிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்த அப்பா அக்கரையில். பாலம் போய்விடுமென்று பயந்து இரண்டு கரையிலும் ஜனங்கள் அப்படியே நின்றார்கள். அத்தை மட்டும் நனைந்துகொண்டே போய், ஜுரத்துக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

“நடுக்கமே இல்லைடீ” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவை வரச்சொல்லிக் கையை வீசினாள்.

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சன்னிதிக்குள் வருகிற மாதிரி மெல்ல நடந்து வந்தார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள்.

இந்தக் கல்லில் செருப்புக் காலை வைக்க நான் இன்றுவரை யாரையும் விட்டதில்லை.