ஜோடி இல்லாத டிஸ்க்

ஷூ கம்பெனியில் எதையும் ஒற்றையாக எண்ண மாட்டார்கள். ஆயிரம் என்றால் ஆயிரம் ஜோடி. ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கும் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சாம்பிள் ரூமில் பேட்டர்ன் போடும் அக்கா ஒருவர் இருந்தார். ஷூவின் மேல்பாகத்துக்குத் தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று ஒவ்வொரு சைஸுக்கும் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. ஒன்பது வருடம் வரைந்தது அத்தனையும் சர்வர் ரூமில் ஒரு டிஸ்க் பெட்டிக்குள் இருந்தது. சென்னையில் மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டி.

"இடமே இல்லப்பா. திங்கக்கிழம ஆர்டர் குடுக்கற பையருக்குப் புது சாம்பிள் போவணும். பழச அழிக்கச் சொல்லாத. அத வெச்சித்தான் புதுசு போடறேன்" என்றார் அக்கா.

சர்வரில் ஒரே அளவில் இரண்டு டிஸ்க் தெரிந்தன. ஒன்று நிரம்பி வழிந்தது, இன்னொன்றை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. மேனேஜரிடம் போனேன்.

"பாய், உள்ள ரெண்டு டிஸ்க்கா?"

"ஜோடியாதான் இருக்கும். இங்க இன்னா தம்பி ஒத்தையா இருக்குது?"

பெட்டியின் பின்னால் இரண்டு கேபிள் இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஒன்று அறுந்தாலும் மற்றதன் வழியாக அதே டிஸ்க்கை எட்டலாம். மல்டிபாத் என்பார்கள். கல்லூரியில் இதைப் பற்றி செமினார் எடுத்தவன் நான். சர்வரில் உள்ள மென்பொருள் ஒவ்வொரு வழியாகவும் போய் 'நீ யார்' என்று கேட்கும். பெட்டி தன் மாடலையும் டிஸ்க்கின் எண்ணையும் சொல்லும். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும். இங்கே சேர்த்துக் காட்டவில்லை. அப்படியென்றால் இரண்டும் வேறுதான் என்று முடிவு கட்டினேன்.

அந்த மென்பொருளிடம் தனக்குத் தெரிந்த மாடல்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத பெட்டி என்றால் சேர்க்கும் வேலைக்கே போகாது. வழிக்கு ஒன்றாக, ஒரே டிஸ்க்கை இரண்டாகக் காட்டிவிட்டு சும்மா இருந்துவிடும். பேட்டர்ன்கள் ஒரு வழியில்தான் போய்வந்தன, அதனால் மற்றது யாரும் தொடாததுபோலத் தெரிந்தது. எண்ணை நானே கேட்டுப் பார்க்க ஒரு வரி கமாண்ட் போதும். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. காலி என்று நினைத்ததை ஃபார்மேட் செய்தேன். ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. சாம்பிள் ரூமுக்கு ஓடினேன்.

"அக்கா, இடம் வந்துடுச்சி."

"பரவால்லியே. சம்பளத்துக்கு ஒரு வேல பண்ணிட்ட."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இன்னாப்பா, சேவ் ஆவ மாட்டேங்குது?" திறந்திருந்த பேட்டர்ன் மட்டும் திரையில் இருந்தது. மற்றவற்றின் பெயர்கள் தெரிந்தன, திறந்தால் ஒன்றும் வரவில்லை. பிறகு பெயர்களும் போயின.

தொழுகை முடிந்து வந்த மேனேஜர் பதறவில்லை. "அதான் ஜோடி இருக்குதே. இன்னொண்ணுல இருந்து எடு."

"ஜோடி இல்ல பாய். ஒண்ணுதான். ரெண்டு வழில தெரிஞ்சிது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு காப்பி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. இரண்டு இருக்கிறதே என்ற தைரியம்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். துண்டு துண்டாகக் கோடுகள் வந்தன, ஒரு முழு ஷூகூட வரவில்லை. திங்கட்கிழமை சாம்பிள் போகவில்லை. பையர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் சாம்பிள் ரூமைப் பூட்டி, அக்காவைத் தோலுக்குக் கோந்து தடவும் லைனில் போட்டார்கள். திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நின்றவரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். "வுடுப்பா, நீ வேணும்னேவா பண்ணே?" என்றார். விரல்களில் காய்ந்திருந்த கோந்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த மாடலைப் பட்டியலில் சேர்க்கும் சிறிய கோப்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறேன். இப்போது திரை சரியாகக் காட்டுகிறது: ஒரு டிஸ்க், இரண்டு வழி, இரண்டும் நலம். டிஸ்க்கில் ஒன்றும் இல்லை.