முதலாளியின் வேனில் தாராபுரம் போன நாள்

அந்த வேனின் சன்னல்களில் பனியன் துணியில் தைத்த திரைகள் தொங்கின. முதலாளியம்மா தைத்தவை. பனியன் துணியைத் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுகொண்டு போகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் நம் கம்பெனித் துணிதான் வேண்டும் என்றாராம். வேன் தயாராவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திரைகள் இறங்கி மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அது பழைய சரக்கு வேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் இருந்த பனியன் கம்பெனியை மூடியபோது முதலாளி அதற்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் சுற்றுவது என்று திட்டம். கடைசியில் முதலாளி அதில் போனது ஒரே ஒரு பயணம். கூடப் போனது நானும் மணியும். மணி கம்பெனி நாய். நான் ஓட்டிய நிட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், வேஸ்ட் துணிக் குவியலில் படுத்து வளர்ந்தது.

முதலாளி பெங்களூரில் மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டியதாயிற்று. அந்த அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. தாராபுரம் பக்கம் அவருடைய மச்சினர் தோட்டத்தில் மணியை விட்டுவரத்தான் கிளம்பினோம். அதற்குச் சோறு வைப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார். வழியெல்லாம் எங்கள் நடுவில் மணி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தது.

அமராவதிக் கரையில் வண்டியை நிறுத்தி முதலாளியே உப்புமா கிண்டினார். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை.

"உப்பு பத்துதாப்பா?"

"பத்துதுங்க."

உப்பே போடவில்லை. மணி ஒரு வாய் நக்கிவிட்டு நகர்ந்துகொண்டது. அவரும் ஒரு கவளம் தின்று பார்த்தார்.

"நம்ம மூணு பேர்ல இவனொருத்தன்தான் நெசம் பேசறான்" என்றார்.

தோட்டத்தில் மணி படுக்கவில்லை. தென்னை தென்னையாகச் சுற்றியது. வாசலுக்குப் போகும், திரும்பி வரும்.

"ஏனுங்க மாப்ள, நாயைக் கொண்டாந்தீங்களா, சூப்பர்வைசரைக் கொண்டாந்தீங்களா?" என்று மச்சினர் சிரித்தார்.

"மெஷின் சத்தத்துலயே தூங்கிப் பழகிருச்சுங்க. இங்க ஒரு சத்தமும் இல்லீங்களே" என்றார் முதலாளி.

"நாலு நாள் கட்டிப்போட்டா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க."

மச்சினர் சங்கிலி எடுத்து வந்தார். முதலாளி அதை வாங்கிக் குனிந்தார். மணி தானாகவே கழுத்தை நீட்டியது. அவர் சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மாட்டவுமில்லை, நிமிரவுமில்லை.

எட்ட நின்றிருந்த நான், "நான் வெச்சுக்கறேனுங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"உன்ற ஊடே ஒத்த ரூமாச்சேப்பா."

"ரெண்டு பேருக்குப் பத்துமுங்க."

கல்யாணம் ஆகாதவன் சொன்னதைக் கேட்டு மச்சினர் மறுபடியும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. சங்கிலியை மச்சினர் கையிலேயே கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். என்ஜின் சத்தம் கேட்டதும் மணி என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனது. முதலாளி திருப்பூர் வரைக்கும் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார்.

பெங்களூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "பையன் என்ன பண்றான்?" என்பார். "படுத்திருக்கானுங்க" என்பேன். எங்கள் இருவருக்கும் அதற்குமேல் பேச வராது. அப்புறம் போன் வருவது நின்றது. நானாகக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

போன மாதம் காலையில் மணியைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனபோது, சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. பெயரை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். போட்டோவில் அவருக்குக் கோட்டு மாட்டியிருந்தார்கள். அவர் கோட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. காரியமும் முந்தின நாளே முடிந்திருந்தது.

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது நான் வேலை செய்யும் கம்பெனியில் அவரைத் தெரிந்தவர் எவருமில்லை. மணி சுவரோரத்தை மோந்துவிட்டு டீக்கடைப் பக்கம் இழுத்தது. நான் குனிந்து, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, அதன் காதில் சொன்னேன்.