வேலிக்கு அந்தப் பக்கமும் அதே தொடர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, முதல் போக நெல் முற்றியிருந்த சமயம். சித்தூருக்குக் கிழக்கே எங்கள் வயல். அதற்குப் போகும் வண்டித்தடம் என் கணவருடைய அண்ணனின் தென்னந்தோப்பு வழியாக வருகிறது. பாகம் பிரித்தபோது தடத்தைப் பத்திரத்தில் யாரும் எழுதவில்லை.

கோடையில் கால்வாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும் விஷயமாக இருவருக்கும் வாய்த்தகராறு. பேச்சு நின்றது. பிறகு அண்ணன் தடத்தின் குறுக்கே கம்பி வேலி போட்டார்.

அந்த நாட்களில் டிவியில் ஒரு புராணத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றியது. நாட்டில் பங்கு கேட்கும் ஐந்து சகோதரர்கள், தர மறுக்கும் நூறு சகோதரர்கள். ஏழு மணிக்கு ஊரில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்தத் தொடரின் சங்கொலிதான். நூறு பேரில் மூத்தவன் திரைக்கு வந்தால் போதும், என் கணவர் சொல்வார்: "பாரு, அப்படியே எங்கண்ணன்தான்." நானும் ஆமாம் போடுவேன்.

ஐப்பசியில் வரும் துலாமழை தொடங்குவதற்குள் அறுத்தாக வேண்டும். அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உள்ளே வர வழியில்லை. கணவரிடம் சொல்லாமல், அண்ணன் மனைவியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். அங்கும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பங்கு தர முடியாது என்று மூத்தவன் சபையில் மறுக்கும் கட்டம். நான் சமையற்கட்டு வாசலில் நிற்கும்போது முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"பாத்தியா, என்ர தம்பியேதான் இவன். அடுத்தவன் முறைத் தண்ணியத் திருப்பிக்கிட்டு நியாயம் பேசறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணீரை என் கணவர் திருப்பியது உண்மைதான். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசியதே இல்லை. என்னைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சங்கடத்துடன் எழுந்தார்.

"எங்கூட்டுலயும் தினம் இதேதானுங்கக்கா. அங்க இவன் உங்கூட்டு மாமா," என்றேன்.

முன்னறைக்கும் கேட்டிருக்கும். விளம்பரம் வந்ததும் அண்ணன் அங்கிருந்தபடியே, "மிசின் என்னைக்கு வருது?" என்றார்.

"நாளன்னைக்குங்க மாமா."

நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது. "உன்னைய ஆரு போகச் சொன்னது?" என்றார். அண்ணன் தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டபின் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் வேலிக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றார். அப்புறம் போய் மறுமுனையைப் பிடித்தார். கடைசியில், "இனி உங்க முறைக்கு நான் மடையைத் தொடமாட்டேனுங்கண்ணா," என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

நெல் நனையாமல் வீடு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒட்டி உறவாடவில்லை. ஆனால் வழி திறந்தே இருக்கிறது. அந்தக் கதையைப் பார்க்கிற எல்லோரும் தங்களை ஐந்து பேரின் பக்கம்தான் வைத்துக்கொள்கிறோம்; யாருடைய வீட்டிலோ நான் நூறு பேரில் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்ற எண்ணம், யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இப்போதும் என்னைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது.