வீடியோவும் ஓட்டமும் டபுள் ஷிப்டும்

அப்பா ஏன் நொண்டுகிறார் என்று சின்னவள் கேட்டபோது, வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அது பொய். எனக்கு ஒன்றும் அவ்வளவு வயசாகவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் பெரியவர்களாகி, உடம்பை வைத்துப் பிழைக்க வேண்டிய வேலைக்கே போனாலும் போவீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் நான் தீயணைப்பு டீமில் இருந்தேன். ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் வீடு. நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி, நின்றுகொண்டே போவேன். போய்ச் சேர்ந்தால் சிவப்புச் சட்டை, தரைத்தளத்தில் ஜன்னல் வைத்த ரூம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அந்த மரத்தில் வெயில் ஏறி இறங்குவதைப் பார்த்தே மணி சொல்லிவிடுவேன்.

புதிதாக வந்த மேனேஜ்மென்ட் ஒரு டெஸ்ட் வைத்தது. தண்ணீர் பைப் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், கடைசியில் கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தவன் டீமில் இருக்கலாம். முடிக்காதவன் கார் நிறுத்துகிற இடத்துக்குக் காவலாகப் போக வேண்டும். அது பூமிக்குக் கீழே மூன்றாவது தளம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் தாத்தா வேலை பார்த்த காலம் முழுவதும் இங்கே தங்கச் சுரங்கத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வெயில் படுகிற இடத்தில் வேலை கிடைத்த முதல் ஆள் நான். அந்த ஒன்றைத்தான் நான் விடக்கூடாது என்று நினைத்தேன்.

பெரியவளே, அந்த வீடியோவை போனில் தேடி எடுத்துக் கொடுத்தது நீதான். கட்டுமஸ்தான ஒரு வெள்ளைக்கார ஆள். எடை தூக்க வேண்டாம், ஜிம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்றான். உட்கார்ந்து எழுந்து குதி, கீழே படுத்துத் தண்டால் எடு, மறுபடி எழுந்து குதி. மூச்சு வாங்க விடமாட்டான். பலத்துக்கு வீடியோ, ஓட்டத்துக்கு ரோடு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். வீட்டில் இருக்கிற நாளில் காலையில் நந்திதுர்க் பக்கம் போகிற ரோட்டில் ஓட்டம். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் பல்லெல்லாம் மண். சாயங்காலம் நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வீடியோ.

முதல் நாள் கட்டிலை நிமிர்த்திச் சாய்த்துவிட்டு முன்ரூமில் குதித்தேன். நம் லைன் வீடுகள் எப்படிக் கட்டியவை என்று உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் நாலாவது முறை குதிப்பதற்குள் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம், மைன்ஸில் வேலை செய்து ஓய்வு பெற்ற அந்த மாமா லுங்கியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். அவர் பின்னாலேயே அத்தையும் வந்தார். மைன்ஸ் ஓடிய காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீடெல்லாம் இப்படித்தான் ஆடும். உடனே பெண்கள் எல்லாரும் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், தன் வீட்டு ஆள் மேலே வந்தானா என்று பார்க்க. மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அவர்கள் காலுக்கு அது மறக்கவில்லை.

நான் வியர்வையோடு வாசலில் போய் நின்றேன்.

"இன்னா மாப்ளே, நீயா?" என்றார் மாமா.

"நான்தான் மாமா. எக்சர்சைஸ்."

"பாறை வெடிச்சிச்சின்னு நெனச்சேன்பா. உங்கத்தை அடுப்பைக்கூட அணைக்காம ஓடியாந்துட்டா பாரு."

அத்தை உங்கள் அம்மாவிடம், "ஏம்மா, உன் வூட்டுக்காரருக்கு இன்னா கேடு இந்த வயசுல? போயி மரத்துல ஏறி குதிக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில்தான் குதித்தேன். லைனே வந்து வேடிக்கை பார்த்தது. "அண்ணா, டான்ஸ் ஷோவுக்குப் போறீங்களா?" என்று பசங்கள் கேட்டார்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குள் இருக்கிற ஆள் குதித்தால் நானும் குதிப்பேன். அவன் கத்துவான்: கமான், ஒன் மோர், டோண்ட் ஸ்டாப். அதெல்லாம் எனக்குப் புரியும். தொடங்கும் முன்னாலும் முடித்த பின்னாலும் அவன் உட்கார்ந்து நிதானமாக என்னவோ பேசுவான். அது புரியாது. அதைத் தள்ளிவிட்டு நேராகக் குதிக்கிற இடத்துக்குப் போய்விடுவேன்.

பெரியவளே, ஒருநாள் போனைத் திறந்தால் அவன் குதிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"இவன் இன்னா சும்மா ஒக்காந்துக்கினு கீறான்?" என்று உன்னைக் கேட்டேன்.

நீ முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னாய். "அப்பா, இன்னைக்கு ரெஸ்ட் டேயாம். ஒன்னும் செய்யக் கூடாதாம். கால் வீடியோ செஞ்ச மறுநாள் ஓடக் கூடாதுன்னும் சொல்றாரு. ரெண்டும் சேர்த்து செய்றவங்க ஒன்னைக் கொறச்சிக்கணுமாம், இல்லன்னா எலும்புக்கு ஆகாதாம்."

"சும்மா இருக்கிறதுக்கு ஒரு வீடியோவாடி? அதை நான் வீடியோ இல்லாமலே செய்வேனே."

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அன்றைக்கு வீடியோ இல்லை என்பதால் கூடுதலாக ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன்.

எனக்கு ஓய்வு என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. ஆனால் இந்த ஊரில் நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. ஒரு ஷிப்டு முடித்து மேலே வந்தவன், ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் மறுபடி கேஜில் ஏறி இறங்குவான். டபுள் ஷிப்டு இறங்கினவன் என்று சொன்னால் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். உடம்பு வலிக்கிறது என்று படுத்தவனைச் சோம்பேறி என்பார்கள். நான் பூமிக்குள் போனதே இல்லை. ஆனாலும் காலையில் ஓட்டம் ஒரு ஷிப்டு, சாயங்காலம் வீடியோ ஒரு ஷிப்டு என்றுதான் என் புத்தி போனது. டூட்டி நாளில்கூட விடவில்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன்.

முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் வலி வந்தது. விரலால் தொட்டால் ஒரே இடத்தில் சுள்ளென்றது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு மாமா வாசலில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தார்.

"கால் இழுக்குதா மாப்ளே?"

"கொஞ்சம் மாமா."

"ஓடு, ஓடு. சூடு ஏறுனா போயிடும். நாங்கெல்லாம் ஜுரத்தோட டபுள் ஷிப்டு எறங்குனவங்க. நின்னாத்தான் உடம்பு கெடும்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

உங்கள் அம்மா எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். அவருக்குக் கேட்காத தூரத்தில் என்னிடம் சொன்னாள். "டபுள் ஷிப்டு எறங்குனவங்க எல்லாம் இப்ப எங்க கீறாங்க? பாதிப் பேரு சுடுகாட்டுல. மீதிப் பேரு இருமிக்கினு. அவங்க பேச்சைக் கேட்டுக்கினு நீங்க ஓடுறீங்க."

"டெஸ்ட் முடியட்டும், நிறுத்திடறேன்."

"அதுக்குள்ள காலு நிறுத்திடும்."

அன்றும் வீடியோ போட்டேன். கால் வீடியோதான்.

டெஸ்ட் நாளில் பைப் சுருளோடு படி ஏறியதில் எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை. தண்டாலில் என் வயசில் பாதி வயசுப் பையன்கள் தரையில் கிடந்தார்கள், நான் எழுந்து நின்றேன். சூப்பர்வைசர் கை தட்டினார். அந்தக் கைதட்டலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது இல்லாவிட்டால் ஓட்டத்தில் கொஞ்சம் நிதானமாகப் போயிருப்பேன்.

இரண்டாவது சுற்றில், கட்டடத்தின் பின்பக்கம் திரும்பும்போது, எலும்புக்குள் ஏதோ முறிகிற மாதிரி இருந்தது. விழவில்லை. கால் தரையில் ஊன்ற மாட்டேன் என்றது, அவ்வளவுதான். ஒற்றைக் காலால் தத்தித் தத்தி நடந்தேன். தண்டாலில் தோற்றவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒருவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். சூப்பர்வைசர் எதிரே வந்து, போதும் விடுங்கண்ணா என்று கன்னடத்தில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் முடிக்கிறேன் என்றேன். "டைம் ஆயிடுச்சுண்ணா," என்று இந்த முறை தமிழில் சொன்னார்.

எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு கோடு. டாக்டர் கேட்டார்: "நடுவுல ரெஸ்ட் எடுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா சொன்னாள். "அது இவங்க வம்சத்துலயே இல்லீங்க டாக்டர்."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு என்னைக் கீழே அனுப்பினார்கள். அங்கே ட்யூப்லைட் வெளிச்சம்தான் பகலும் ராத்திரியும். கார் வந்தால் கையைக் காட்ட வேண்டும், போனால் கையைக் காட்ட வேண்டும். புகை நெஞ்சில் நிற்கிறது. போனில் சிக்னல் கிடையாது. நீங்கள் கூப்பிட்டால் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம், கோபம் இல்லை. மழை பெய்ததா என்று கார்களின் மேலிருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அடுத்த தடவை டெஸ்ட் அறிவித்தபோது, நொண்டுவது தெரியாதபடி நடந்து மேலே போய்க் கேட்டேன். கால் சரியாகிவிட்டது, மறுபடி ஓடுகிறேன் என்றேன். சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். "மேல எல்லாம் சின்னப் பசங்களா போட்டுட்டோம்ணா. நீங்கதான் கீழ நல்லா செட் ஆயிட்டீங்களே," என்றார். டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். என்னைக் கெடுத்தது அவர் இல்லை. உடம்புக்கு ஒரு எல்லை இருக்கிறது என்று சொல்லவே வெட்கப்படுகிற ஊரில் பிறந்ததுதான் கெடுத்தது. அந்தப் பெருமையை நம் தலையில் ஏற்றிவைத்தவன் நம்மில் ஒருவன்கூட இல்லை. ஆள் குறையும்போதெல்லாம் நம்மையே மறுபடி இறக்கினால் யாருக்கு லாபமோ அவன் ஏற்றிவைத்தது. நாம் அதை இன்னும் இறக்கி வைக்காமல் சுமக்கிறோம்.

பெரியவளே, இப்போது நீயும் அந்த வீடியோவைப் போட்டுக் குதிக்கிறாய், காலையில் ஓடவும் போகிறாய். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் சும்மா உட்கார் என்று சொல்கிற நாளில் நீ சும்மா உட்கார்ந்து பேன் பார்க்கிறாயே, அதைப் பார்க்கும்போது மட்டும்தான் இந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சின்னவளே, போன வாரம்கூட நீ உன் டீச்சரிடம், எங்கப்பா நெருப்பு அணைக்கிறவர் என்று சொன்னாயாம். இனிமேல் அப்படிச் சொல்லாதே. கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறார் என்று சொல். எங்கே என்று கேட்டால், கீழே என்று சொல்.