அப்பாவின் ஃபோல்டர்

இன்று காலை மடிக்கணினியைத் திறந்ததும் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது: ஸ்கேன் முடிந்தது, ஆபத்து எதுவும் இல்லை. அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். நல்ல காலம்தான், இல்லையா? ஆனால் ‘ஸ்கேன்’ என்ற சொல்லைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எங்கள் பழைய கம்ப்யூட்டர்தான் கண்ணில் நிற்கிறது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வருகிறது. கூடவே ஒட்டுப்பால் வாடையும்.

ஒட்டுப்பால் என்பது றப்பர் மரத்தின் வெட்டிலேயே காய்ந்துபோகும் பால். அதன் நாற்றத்தை முகராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெஹியோவிட்டைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா பால் வெட்டினாள். எத்தனை முறை துவைத்தாலும் அவள் சேலையை விட்டு அது போகாது. அந்த வாடைக்கு நடுவில்தான் எங்கள் கம்ப்யூட்டர் குடியிருந்தது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், அவிசாவளையில் பழசாக வாங்கியது. திரையை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் வந்தேன், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் உட்காருவேன். எனக்குத் தெரிந்தது கேள்வித்தாள் அடிப்பதும், வேலை முடிந்ததும் பூப்போட்ட துணியால் அதை மூடுவதும்தான்.

அப்பா அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு பேச்சு இருக்காது என்று கொழும்பில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் கம்ப்யூட்டரில் குரலைப் பதிய வைத்து, மைக்கை அவர் கையில் கொடுத்து, எதையாவது பேசுங்கள் என்றேன். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. தொண்டையில் துளையோடு அவர் திரும்பி வந்தபின் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. ‘அப்பா’ என்று பெயரிட்ட ஃபோல்டரில் அது கிடந்தது. கிடக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

பிறகு வைரஸ் வந்தது. பென்டிரைவ்களில் தொற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய காலம் அது. எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் திறக்கவில்லை. ‘அப்பா’வும் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவிசாவளைக் கடைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். “நங்கி, ஃபோமட் கரமு. அலுத் வகே வெய்” என்றார் சிங்களத்தில். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடுமாம், தங்கச்சி. உள்ளே இருப்பது என்று நான் இழுத்தேன். அவர் கையை விரித்தார். வைரஸ் தேடும் சீடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, போனால் போகட்டும் என்பதுபோல அப்பா கையை அசைத்தார். பிறகு வெகுநேரம் வாசலில் போய் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜெசிந்தா வந்தாள். என்னோடு படிப்பித்தவள், இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். சீடியைப் போட்டு ஸ்கேனைத் தொடங்கினோம். சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. திடீரென்று அந்த வரிசையில் ‘அப்பா’ வந்தது. அழிக்கவா என்று கேட்டது.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“டீச்சர், இது அப்பாவோட ஃபோல்டர் இல்ல. அது மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது. உண்மையானத எங்கயோ மறைச்சு வச்சிருக்கு” என்றாள் ஜெசிந்தா.

“நெசமா தெரியுமாங்க?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நெசமா தெரியாது.”

அதனால் அழிக்கவில்லை. முதலில் உண்மையானதைத் தேடி வேறிடத்தில் எடுத்து வைப்போம், பிறகு அழிப்போம் என்று ஸ்கேனை நிறுத்தினாள். மறைந்திருப்பதைக் காட்டும் மெனுவையும் வைரஸ் தின்றிருந்தது. கறுப்புத் திரையொன்றைத் திறந்து ஏதோ கட்டளை அடிக்கத் தொடங்கினாள். அப்போது பார்த்து மலைப்பக்கம் இடி உருண்டது. இடி கேட்டால் வயரைப் பிடுங்குவதுதான் வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சட்டம். அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டாள். அப்பா எழுந்துபோய் சுவிட்சின் மேல் கை வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் அணைக்கவில்லை. யாரும் அணைக்காதபடி அதை மறைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கையால், நீங்கள் செய்யுங்கள் என்று காட்டினார்.

மங்கலாக ஒரு ஃபோல்டர் தோன்றியது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். பென்டிரைவில் வேண்டாம் என்று வெறும் சீடியில் ஏற்றினாள் ஜெசிந்தா. இடையில் பல்பு மங்கி, மறுபடி எரிந்தது. சீடி வெளியே வந்ததும் மறுபடி ஸ்கேன். இந்த முறை பொய் ‘அப்பா’வைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன்.

“சரியா வந்திருக்கான்னு ஒருக்கா கேட்டுப் பார்க்கணும்” என்றாள். அப்பாவைப் பார்த்தேன். தலையசைத்தார்.

ஜெசிந்தா அதைப் போட்டாள். பதிவில் அப்பா பெரட்டு கூப்பிட்டிருந்தார். எங்களுக்கு அறிவுரையோ, விடைபெறலோ ஒன்றுமில்லை. “ராமாயி... செல்லம்மா... சோமாவதி...” என்று ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பதில் வருவதற்காகக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி. பிறகு “பாக்கியம்” என்றார். அது அம்மாவின் பெயர். வீட்டில் அவர் அவளை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்வது பெரட்டுக்களத்தில் மட்டும்தான்.

குசினியிலிருந்து அம்மா பழக்கதோஷத்தில், “இருக்கேங்க” என்றாள்.

பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். றப்பரைத் தறித்துவிட்டு அந்த மலையில் இப்போது பாம் எண்ணெய் மரம் வைத்திருக்கிறார்கள். ராமாயியின் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், செல்லம்மா எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், ஒரு கீறல் விழவில்லை. அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு நிறுத்துகிறார். “பாக்கியம்” என்ற பிறகு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துகிறார்.