துறைத்தலைவர் எடுத்த ஒரே வகுப்பு

கல்லூரியின் இணையவழிப் பாடப் பிரிவில் வீடியோ தொகுக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான், அங்கே பாடங்களை வடிவமைக்கும் அக்காவைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கே முதல் பட்டதாரி என்ற மிதப்பில், இசையெல்லாம் கோத்து முக்கால் மணி நேரப் பாடம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.

"தம்பி, இது பாடமா, கல்யாண வீடியோவா?"

ஆறு நிமிடத்துக்கு மேல் எந்த வீடியோவையும் விடமாட்டார். அதனால் பெயரே 'ஆறு நிமிஷ அக்கா'. புள்ளியியல் பாடத்தை வடிவமைக்கும் முன், தேர்வில் தவறிய மாணவர்களோடு நூலகத்தில் உட்கார்ந்து, அவர்களைக் கணக்குப் போடச் சொன்னார். அவர்கள் சறுக்கிய இடங்களே கேள்விகளில் தவறான விடைகளாயின. அவற்றில் ஒன்றைத் தொட்டால் அக்காவின் குரல் வரும்: "இப்படித்தானே நினைச்சே? வா, பார்க்கலாம்."

பாடம் பேர் வாங்கியதும் துறைத்தலைவர் அதன் முகப்பிலிருந்த அக்காவின் பெயரைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அக்கா போய்க் கேட்டார்.

"சம்பளம் வாங்கற வேலைக்குப் பேர் எதுக்கும்மா?"

அக்கா திரும்பி வந்ததும் கேட்டேன்: "சும்மா விடப்போறீங்களா அக்கா?"

"யாரு விட்டா? முகப்புல பேர் இருக்கறவங்கதான் நேரடிச் சந்தேக வகுப்பு எடுக்கணும். அவரே போட்ட விதி. எடுக்கட்டும்."

"பசங்க பாவம்."

"அவங்க சந்தேகத்துக்கெல்லாம் பதில் பேசிப் பதிவு பண்ணி வச்சிட்டேன். என் பேர் திரும்பி வந்த நிமிஷம் ஏத்திடு."

வகுப்பன்று பக்கத்து அறைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி கேட்டாள்: "சார், திட்ட விலக்கத்துக்கு எதுக்கு வர்க்கம் பண்றோம்? சராசரியோட இருக்கற வித்தியாசத்தை அப்படியே கூட்டினா என்ன?"

"ஃபார்முலா அப்படித்தான்மா."

"இப்போ போட்டுப் பார்த்தேன் சார், கூட்டினா பூஜ்யம்தானே வருது? வீடியோல பேசற அக்காவைக் கூப்பிடுங்களேன்."

துறைத்தலைவர் ஒலியை அணைத்தார். அப்புறம் கேமராவையும். அக்கா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் துறைத்தலைவர். "அடுத்த வகுப்புக்கு நீ உட்காரும்மா. என் பேருக்குக் கீழே உன் பேரையும் போட்டுக்கலாம்."

"கீழே வேணாம் சார். மேலேயும் வேணாம். என் பேர் மட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மறுநாள் காலையில் பெயரை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது; அந்த நிமிஷமே அக்காவின் பதில்களை ஏற்றினேன்.

இப்போதும் அதே அறையில்தான் அக்கா வேலை செய்கிறார். முகப்பில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. துறைத்தலைவர் அந்த வகுப்பின் பதிவை நீக்கச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். அக்கா நீக்கவில்லை.